இசைவுக்குக் காத்திருக்கும் நீதி

பட்டா மாறுதலுக்குக் கையூட்டுக் கேட்ட கிராம நிர்வாக அலுவலர் கையும் களவுமாகப் பிடிபட்டார் என்னும் செய்தி தமிழ்நாட்டு நாளேடுகளுக்குப் புதிதன்று. புகார் அளித்தவரிடம் ஊழல் தடுப்புக் காவலர்கள் பினாப்தலின் தூள் தடவிய பணத்தாள்களைக் கொடுத்தனுப்புவார்கள். அவற்றை வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும் நீர் இளஞ்சிவப்பாகும். சாட்சிகள் முன்னிலையில் அந்நீர் புட்டியில் அடைக்கப்பட்டு முத்திரையிடப்படும். அன்றே கைது, அதையடுத்துப் பணியிடை நீக்கம். சட்டத்தின் இந்த விரைவில் நமக்குக் குறையில்லை. ஆனால், பல கோடி ரூபாய் ஒப்பந்தத்தை வேண்டியவருக்கு வளைத்துக் கொடுக்கும் கையில் எந்தத் தூளும் ஒட்டுவதில்லை. அங்கே எஞ்சுவது ஒரு கோப்பும் அதன் அடியில் ஒரு கையொப்பமுமே. அக்கையொப்பத்தை விசாரிக்கப் புகுந்தால், சட்டமே குறுக்கே நிற்கிறது.

ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 17-ஏ பிரிவைத்தான் சொல்கிறோம். பொது ஊழியர் தம் பணியில் எடுத்த முடிவோ அளித்த பரிந்துரையோ குற்றமெனக் கருதப்பட்டால், உரிய அரசின் முன் இசைவின்றிக் காவல்துறை விசாரணையையே தொடங்க இயலாது. கையூட்டு வாங்கும்போதே பிடிபடுவோருக்கு மட்டும் இக்காப்பு இல்லை. ஆக, சிறிய கை உடனே சிக்குகிறது. பெரிய கையொப்பம் காத்திருக்கிறது.

இக்காப்பின் வரலாறு வருந்தத்தக்கது. இணைச் செயலர் நிலையினரையும் அதற்கு மேற்பட்டோரையும் விசாரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை இசைவு பெறவேண்டும் என்றிருந்த நிருவாக ஆணையை வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997-இல் செல்லாததாக்கியது. அதே காப்பு 2003-இல் சட்டமாகவே திரும்பி வந்தது. பதவியின் உயரத்தைக் கொண்டு குற்றஞ்சாட்டப்பட்டோரைப் பிரிப்பது சமத்துவத்துக்கு முரண் என்று 2014-இல் அரசமைப்பு அமர்வு அதையும் நீக்கியது. நான்கே ஆண்டுகளில், எல்லா நிலையினருக்கும் உரியதாக விரிந்து, அது மூன்றாம் முறை உயிர்பெற்றது.

நேர்மையான அதிகாரி, நாளை பொய்ப்புகார் வருமோ என்று அஞ்சிக் கோப்பில் கையொப்பமிடாமல் தேங்கிவிடக் கூடாது என்பது அரசு சொல்லும் காரணம். அதை நாம் மறுக்கவில்லை. மாவட்ட நிருவாகத்தை அறிந்த எவரும் அவ்வச்சம் மெய்யானதென்று ஒப்புவர். ஆயின், காப்பை அளிப்பவர் யார் என்பதே வினா. அமைச்சரின் விருப்பத்துக்கிணங்க அதிகாரி எடுத்த முடிவை விசாரிக்கலாமா என்று அதே அமைச்சரவையைக் கேட்பது எவ்வகையில் நீதியாகும்? மூன்று மாதத்தில், தவறினால் மேலும் ஒரு மாதத்தில் முடிவு சொல்லவேண்டும் என்கிறது சட்டம். சொல்லாவிட்டால் இசைவு கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று ஒரு சொல்லும் அப்பிரிவில் இல்லை. புலன்விசாரணை முடிந்த பின்னரும், நீதிமன்றம் வழக்கை ஏற்க, 19-ஆம் பிரிவின்கீழ் மீண்டும் ஓர் இசைவு வேண்டும்.

சொத்து விவரத்தின் நிலையும் இதுவே. இந்திய ஆட்சிப் பணியினர் ஆண்டுதோறும் சனவரி 31-க்குள் அசையாச் சொத்து அறிக்கை அளிக்கின்றனர். எந்த மாவட்டம், எந்த ஊர், இன்றைய மதிப்பு என்ன, பிறர் பெயரில் இருப்பின் அவர் என்ன உறவு, விலைக்கு வாங்கியதா, மரபுரிமையா, கொடையா, யாரிடமிருந்து வந்தது என்றெல்லாம் அதில் கட்டங்கள் உண்டு. கேள்விகளில் பழுதில்லை. விடைகளை வருவாயோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சார்பற்ற ஆண்டுத் தணிக்கைதான் இல்லை. வாழ்க்கைத் துணை, சார்ந்துள்ள பிள்ளைகள் பெயரிலுள்ள சொத்துகளையும் சேர்த்துப் பொதுவில் வெளியிடவேண்டும் என்று ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2016 சூலையில் வந்த திருத்தம் அக்கட்டாயத்தை அகற்றியது. ஈரவைகளையும் அது இரண்டே நாளில் கடந்தது. சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் எளிய வேட்பாளரின் நகையும் வங்கிக் கடனும் ஊரறியக் கிடைக்கையில், அரசுப் பணத்தை ஆளும் அதிகாரியின் முழுக் கணக்கு மட்டும் ஏன் மறைவாக இருக்கவேண்டும்?

தமிழரான க. சந்தானம் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அமைந்தது. விதி வகுப்பதில் நாம் பின்தங்கியதே இல்லை. ஆனால், 2014 சனவரியில் நடைமுறைக்கு வந்த லோக்பால் சட்டத்தின்கீழ் முதல் தலைவரை அமர்த்த 2019 மார்ச் வரை ஆனதும் இதே நாட்டில்தான்.

17-ஏ பிரிவின்கீழ் இசைவளிக்கும் உரிமையை அரசிடமிருந்து எடுத்து, மத்தியில் லோக்பாலிடமும் மாநிலங்களில் அதையொத்த லோக் ஆயுக்தாவிடமும் ஒப்படைக்கவேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வெளியாகவேண்டும். காலக்கெடு கடந்தால் இசைவு கிடைத்ததாகவே கொள்ளவேண்டும். இதற்கான திருத்தத்தை நடுவண் அரசு அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அதை வலியுறுத்த வேண்டும்.