செய்தி என்ற வசைச்சொல்

ஒரு கவிதையை நிராகரிக்க நம் சிறுபத்திரிகை விமர்சகர்கள் கையில் எப்போதும் ஒரு சொல் தயாராக இருக்கிறது: 'செய்தி'. 'இது கவிதையல்ல, வெறும் செய்தி' என்று எழுதிவிட்டால் போதும், மேற்கொண்டு வாதம் தேவையில்லை. 'உள்ளூர்ச் செய்தி' என்று ஒரு அடைமொழியும் சேர்த்துவிட்டால் தீர்ப்பு முடிந்தது. நானும் அப்படி எழுதியவன்தான். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என்னை மாற்றியது நம் கவிஞர்கள் யாரும் அல்ல. கனடாவில், வட ஒண்டாரியோவின் இரண்டு சுரங்க ஊர்கள்.

ஒன்று எலியட் லேக். யுரேனியத்துக்கென்றே 1950களில் காட்டுக்கு நடுவே எழுந்த ஊர். பாறைத்தூசியும் ரேடானும் கலந்த காற்றில் வேலை செய்தவர்களின் நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகளை மாகாண சுகாதாரத் துறை எண்ணிப் பார்த்தது. இருக்க வேண்டியதைவிட அதிகம். இதைவிட உள்ளூர்ச் செய்தி உண்டா? ஆனால் அது பிரான்ஸில், போர்தோ நகரில், 1974இல் ஒரு சர்வதேச மாநாட்டில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வாசிக்கப்பட்டது. தொழிற்சங்கத்துக்கு விவரம் அங்கேதான் கிடைத்தது. தன் நெஞ்சுக்குள் இருப்பது என்ன என்று அறிய எலியட் லேக்காரன் அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஜேம்ஸ் ஹாம் தலைமையில் ராயல் கமிஷன் அமைந்தது. 1976இல் அறிக்கை வந்தது. 1978இல், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையோடு ஒரு சட்டமும் வந்தது.

இன்னொன்று டிம்மின்ஸ். தங்கம் விளைந்த ஊர். இங்கே பத்திரிகைக்கும் குறைவில்லை. ராய் தாம்சன் 1934இல் இவ்வூர்ப் பத்திரிகையை வாங்கித் தொடங்கிய தொழில்தான் 1966இல் லண்டன் 'டைம்ஸ்' வரை போயிற்று. ஆனால் பத்திரிகை இருந்தாலே செய்தி இருந்துவிடும் என்பதில்லை. 1943 முதல் 1979 வரை வட ஒண்டாரியோச் சுரங்கங்கள் பலவற்றில், ஷிப்டுக்கு முன் உடை மாற்றும் அறையின் கதவை மூடி, மாவாய் அரைத்த அலுமினியத் தூளை உள்ளே ஊதினார்கள். ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னார்கள். டிம்மின்ஸின் மக்கின்டயர் சுரங்கத்தில் பிறந்த யோசனை. அதனால் மக்கின்டயர் தூள் என்று பெயர். பாறைத்தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயை இந்தத் தூள் தடுக்கும் என்றார்கள். தடுப்பு! இந்த ஒரு சொல்லை யாராவது உடைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எலியட் லேக்கில் அந்தத் தூளைச் சுவாசித்துப் பின்னாளில் பார்க்கின்சன்ஸ் நோயில் விழுந்த ஒருவரின் மகள், ஜேனிஸ் மார்டெல், 2014இல் அந்த வேலையைத் தொடங்கினார். பழைய தொழிலாளர்களையும் குடும்பங்களையும் தேடித்தேடிக் கேட்டுப் பதிந்தார். தூளுக்கும் பார்க்கின்சன்ஸுக்கும் தொடர்பு இருப்பதை 2020இல் ஆய்வு காட்டியது. 2022இல் அரசு அதைத் தொழில்நோயாக ஏற்றது. தூள் நின்று 43 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஏன் இத்தனை காலம்? சுரங்கக் கூரை சரிந்தால் அதற்குத் தேதி உண்டு, நேரம் உண்டு, சாவு எண்ணிக்கை உண்டு, மறுநாளே அச்சேறிவிடும். தூள் சரிவதற்குத் தேதி இல்லை. தினம் பத்து நிமிடம் இறங்கி, முப்பது வருஷம் கழித்து, வேறுவேறு வீடுகளில் வேறுவேறு கைகளை நடுங்க வைக்கிறது. ஒவ்வொரு வீடும் அதைத் தன் சொந்த விதி என்று நினைத்துக்கொள்கிறது. இந்த வீடுகளை ஒன்றோடொன்று சேர்த்துச் சொல்கிற வாக்கியம்தான் செய்தி. அதை எழுத என்ன வேண்டும்? கண்ணெதிரே இருப்பதை விட்டு நகராத கவனம். ஊதிக் கொடுத்த சொல்லை அப்படியே உள்ளிழுக்காத சந்தேகம். பொதுமையில் கரைந்துவிடாத குறிப்பு. நவீன கவிதைக்கு வேண்டியவை என்று நாம் இத்தனை காலமாகச் சொல்லி வருவதும் இவற்றைத்தானே?

அப்படியானால் கவிஞன் துண்டுப் பிரசுரம் எழுத வேண்டுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. சுரங்கத்தைப் பற்றி எழுதச் சொல்லி நான் யாருக்கும் ஓலை அனுப்பவில்லை. மோசமான கவிதையை மோசமான கவிதை என்றே சொல்லுங்கள், அதற்கு நமக்குத் தைரியம் இருக்கட்டும். நாம் 'செய்தி' என்று தள்ளியவற்றில் பெரும்பாலானவை செய்திகூட அல்ல. அவற்றில் ஊர் இல்லை, தேதி இல்லை, இருமுகிற ஆள் இல்லை. 'மானுட வலி' என்ற ஒன்று மட்டும் இருக்கிறது. அது எந்த அறையிலும் ஊதத்தக்க தூள்.

அடுத்த முறை அந்தச் சொல்லை எழுதப் பேனாவை எடுக்கிற நண்பர், எந்த ஊர், எந்தத் தூள், யாருடைய மூச்சு என்று அந்தக் கவிதையைக் கேட்டுப் பார்க்கட்டும். பதில் கிடைத்தால், அவர் எழுதப்போவது வசையல்ல, பாராட்டு. கிடைக்காவிட்டால், செய்தி என்று பெயர்பெற அதற்கு யோக்யதை இல்லை.