துடுப்பு பிடிக்க வாக்கிங் மட்டும் போதுமா?

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகோட்டி துடுப்பு போட, நாம செல்ஃபி எடுக்கிறோம். 60 வயதிலும் நாமே துடுப்பு போடணும்னா? வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வாக்கிங் போனால் மட்டும் பத்தாது.

காரணம் சிம்பிள். நடை இதயத்துக்கு நல்லது. துடுப்பை இழுப்பதோ முதுகும் இடுப்பும் தோளும். 30-களிலேயே தசை மெல்லக் குறையத் தொடங்கிவிடுகிறது.

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல்படி, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு 2 நாள் தசைப் பயிற்சியும் தேவை. 65-ஐத் தொட்டவர்களுக்கு 3 நாள் பேலன்ஸ் பயிற்சியும் உண்டு. ஆடும் படகில் ஏறி இறங்க அதுதான் கைகொடுக்கும்.

ஜிம் கட்டாயமில்லை. கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளும், வீட்டுத் தரையில் பிளாங்க்கும் போதும். மூட்டுவலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்குங்க. டிரிப்புக்கு முந்தின வாரம் அல்ல, இந்த வாரமே ஆரம்பிங்க.