பதில் அனுப்பும் உரிமை யாருக்கு?

1967இல் கேம்பிரிட்ஜ் ரேடியோ தொலைநோக்கியின் பதிவுத்தாள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 மீட்டர் ஓடியது. அதில் அரை சென்டிமீட்டர் இடத்தில் விழுந்த ஒரு கிறுக்கலை ஆய்வு மாணவி ஜோஸ்லின் பெல் விடவில்லை. துருவிப் பார்த்தால் 1.3 நொடிக்கு ஒரு துடிப்பு, பிசகாமல். ‘குட்டிப் பச்சை மனிதர்கள்’ என்று ஆய்வுக்குழு பாதி விளையாட்டாகப் பெயர் வைத்தது. வானின் வேறொரு திசையிலும் அதே மாதிரித் துடிப்பு சிக்கியதும் வேற்றுக்கிரகவாசிகளோ என்ற சந்தேகம் அடங்கியது. அவை பல்சார்கள் எனும் துடிப்பு விண்மீன்கள். 1968 பிப்ரவரியில் கட்டுரை வெளியாகும்வரை குழு வாய் திறக்கவில்லை. அது சரிபார்ப்பதற்கான அவகாசம். ராணுவ ரகசியம் அல்ல.

நாளை உண்மையிலேயே வேற்றுக்கிரகச் சமிக்ஞை வந்தால் அதைப் பாதுகாப்புத் துறையிடம் ஒப்படைத்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும் என்போர் உண்டு. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கே 2010இல், கொலம்பஸ் வந்தபின் அமெரிக்கப் பழங்குடிகளுக்கு நேர்ந்ததை நினைவூட்டி எச்சரித்தார். அந்த அச்சத்தைச் சினிமாக் கற்பனை என்று தள்ள முடியாது. ஆனால் ரகசியம் அதற்கு மருந்தாகாது. பூமி சுழல்கிறது, அமெரிக்காவில் கேட்கும் விண்மீன் சில மணி நேரத்தில் அடிவானத்துக்குக் கீழே போய்விடலாம். விடாமல் கேட்க ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி வேண்டும், புனே அருகிலுள்ள நமது ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி வேண்டும். பகிராமல் சரிபார்க்க வழியில்லை. ரகசியம் காக்க நம்பச் சொல்லப்படும் ராணுவங்களின் ஏவுகணை எச்சரிக்கை ரேடார்கள்தான் பூமியிலிருந்து கசியும் வலுவான ரேடியோ அலைகளில் முன்னிற்கின்றன என்பது தனி வேடிக்கை.

எச்சரிக்கை தேவைப்படும் இடம் வேறு: நாம் அனுப்புவதில். 1974இல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கூட்டத்துக்குச் செய்தி போனபோது உலகை யாரும் கேட்கவில்லை. பிரிட்டிஷ் வானியலாளர் மார்ட்டின் ரைல் கண்டித்தார். அந்தக் கூட்டம் சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவில் இருப்பதால் பாதகமில்லை என்று விட்டுவிடலாம். 2017இல் நார்வேயிலிருந்து லூய்ட்டன் விண்மீனுக்கு அனுப்பியதை அப்படி விட முடியாது. அது 12 ஒளியாண்டுகளுக்குச் சற்றே அப்பால்தான் இருக்கிறது. முடிவெடுத்தவர்களோ ஒரு சிறு குழு. ஆர்வம் அவர்களுடையது, விளைவு எல்லோருக்கும் என்பதை ஏற்க முடியாது.

சர்வதேச ஆலோசனை நடக்காமல் பதில் அனுப்பக் கூடாது என்று விண்வெளி ஆய்வாளர்கள் 1989இலேயே நெறி வகுத்தார்கள். அதற்குச் சட்ட வலு கிடையாது. சமிக்ஞை எதுவும் வராமல் நாமாகவே அனுப்புவதை அது தடுக்கவும் இல்லை. வியன்னாவில் கூடும் ஐ.நா. விண்வெளிக் குழுவில் இந்தியாவும் உறுப்பினர். கண்டறிந்த தரவு உடனே எல்லா நாட்டு ஆய்வகங்களுக்கும் போக வேண்டும், அனுப்பும் செய்திக்கு முன் அனுமதி வேண்டும் என்ற இரண்டையும் ஒரே உடன்படிக்கையாக்கும் தீர்மானத்தை இந்தியா அங்கே முன்வைக்க வேண்டும்.