செல்லரித்த பாடம்



வியாசர்பாடியில் தமிழாசிரியனாகப் பணிபுரிபவன் யான். அறிவியல் ஆசிரியர் வாராத ஒருநாள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்மேல் விழுந்தது. ஒரு மாணவனை எழுப்பி அறிவியற் பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். உயிர்களின் அடிப்படை அலகு 'செல்' என்று படித்தான். "செல் என்றால் என்ன, தம்பி?" என வினவினேன்.

"கைப்பேசி, ஐயா" என்றான் அவன். "போ என்று பொருள், ஐயா" என்றாள் ஒருத்தி. மூன்றாமவன், தன் பாட்டியின் பெட்டியிலிருந்த சேலையைச் செல்லரித்த கதையைச் சொல்லி, "கறையான், ஐயா" என்றான். மூன்று விடையும் சரியே! அகரமுதலியைப் புரட்டினால் முகிலுக்கும் இடிக்கும்கூட அச் சொல் உண்டு. பாடநூல் கருதிய பொருள் மட்டும் ஒரு பிள்ளையின் வாயிலும் வரவில்லை.

இது பிள்ளைகளின் குற்றமா? கற்பிப்பவர் குற்றமா? இரண்டும் அன்று. நூலுக்குச் சொல் தேர்ந்தவர் குற்றம்!

மறுநாள் அறிவியல் ஆசிரியரிடம் நுண்ணோக்கியை இரந்து வாங்கி, வெங்காயத் தோலை அதன்கீழ் வைத்துக் காட்டச் செய்தேன். எண்ணூரில் மீன்பிடிக்கும் குடும்பத்து மகள்வழிப் பெயரன் ஒருவன் குனிந்து பார்த்தான். தன் பாட்டனின் வலைக்கண் போலவே இருக்கிறதென்றான். ஒவ்வொரு கண்ணும் ஒரு சிற்றறை. கண்ணறை! அறிஞர் ஆக்கிவைத்த சொல்லை அச் சிறுவன் தானே கண்டெடுத்தான்.

1665-இல் இராபர்ட்டு ஊக்கு என்னும் ஆங்கிலேயர் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் கண்டு, சிற்றறை என்னும் பொருள்படும் சொல்லால் அதனைக் குறித்தார். அவர் சொன்னது அவர் மக்களுக்கு விளங்கிற்று. பிரெஞ்சு மருத்துவர் பிசா, உடலின் படலங்களுக்கு நெய்த துணியைக் குறிக்கும் தம் நாட்டுச் சொல்லை இட்டார். செருமானியர் அதனைக் கடன் வாங்கவில்லை. நெய்தலைக் குறிக்கும் தம் சொந்த வினையினின்றே 'கெவேபெ' என ஆக்கிக்கொண்டனர். நாமோ 'திசு' என்று எழுதிவிட்டு, அது நெசவுச் சொல் என்பதையும் அறியாமல் ஒப்பிக்கிறோம். தறியும் இழையும் இல்லாத நாடா இது? ஈழத்துப் பாடநூல்கள் 'கலம்' என்றும் 'இழையம்' என்றும் எழுதுகின்றன. பல தலைமுறை மாணவர் அச் சொற்களாலேயே உயிரியல் பயின்றனர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் இருந்து மேலை மருத்துவத்தைத் தமிழில் நூலாக்கித் தமிழிலேயே கற்பித்தார். அவர் நடை வடசொல் மிகுந்ததே. எனினும் அயலவர் ஒருவருக்கு இருந்த துணிவு நமக்கு இல்லையே!

நம் பாடநூலின் புதுமையைப் பாருங்கள். உறுப்பு என்கிறது; தமிழ். உயிர்க்கோளம் என்கிறது, தமிழ். அடியில் மட்டும் செல், திசு! கூரை நம்முடையது, அடித்தளம் அயலாருடையது. இவ்வாறு எழுப்பிய மாடத்தில் பிள்ளை எப்படி ஏறுவான்?

அந்த மாடம் எத்தகையது என்பதை எண்ணூர்க் கழிமுகத்தில் நிற்கும் ஒரு கண்டல் மரத்தைக் கொண்டே காட்டலாம். அதன் இலையில் உப்பை வெளியேற்றும் கண்ணறைகள் உண்டு. இலையை நாவால் தொட்டால் கரிக்கும். ஒத்த கண்ணறைகள் கூடினால் இழையம். இழையங்கள் கூடினால் இலை, வேர் முதலிய உறுப்பு. உறுப்புகள் இயைந்தால் மரம். ஒரே இனத்து மரங்கள் சேர்ந்தால் இனக்கூட்டம். அவற்றினிடையே நண்டும் இறாலும் மீனும் கொக்கும் குடியேறினால் உயிர்க்குழுமம். சேறும் உப்புநீரும் ஓதமும் வெயிலும் அவற்றோடு இணைந்தால் சூழல்தொகுதி. இத்தகைய தொகுதிகள் அனைத்தையும் தழுவிய நிலவுலகின் உயிர்ப்பரப்பே உயிர்க்கோளம்.

இதில் ஓர் உண்மை உண்டு. கீழ்ப்படியில் இல்லாத இயல்பு மேற்படியில் தோன்றும். ஓர் இழை துணியாகாது. ஒரு கண்ணறை நிழல் தராது. கடலில் பிறந்த இறாற்குஞ்சு கழிமுகத்துக்குள் புகுந்து வளர்வது ஒற்றை மரத்தை நம்பியன்று. அத் தொகுதி முழுவதையும் நம்பி! ஆகவே படி ஒன்று சரியின் அதன் மேலுள்ளவை அனைத்தும் சரியும்.

அச் சரிவையே நாம் கண்டுகொண்டிருக்கிறோம். கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றினின்று மேல்நோக்கி நிற்பவை. அவற்றின் நுண்துளைகள் வழியே மரம் மூச்சுவிடும். அனல்மின் நிலையச் சாம்பல் கொற்றலையாற்றில் கலந்து படிந்தது ஊரறிந்த செய்தி. துளை அடைபட்டால் வேர் திணறும். வேர் திணறினால் மரம் சாயும். மரம் சாய்ந்தால் இறால் போகும். இறால் போனால் வலைஞன் வீட்டு உலையும் போகும்! 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவிற்று. அதே திங்கள் 26-ஆம் நாள் இரவு, உர ஆலையொன்றின் கடலடிக் குழாயினின்று அம்மோனியா வளி கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத்திணறி வீதியில் ஓடினர்.

எண்ணூர் எங்கோ இருக்கிறதென்று வியாசர்பாடியார் எண்ண வேண்டா. நம் தெருக் கழிநீர் காட்டன் கால்வாயில் இறங்கிப் பக்கிங்காம் கால்வாயோடு கலந்து வடக்கே அங்குத்தான் செல்கிறது. நாமும் அத் தொகுதியின் உறுப்புகளே.

இனி, சொல்லுக்கும் சோற்றுக்கும் என்ன தொடர்பு என்று நகைப்பாருக்கு விடை கூறுவேன். 2020-இல் நடுவணரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளை மாற்ற ஒரு வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. எம்மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! எண்ணூர் வலைஞன் எதைப் படித்து எதனை மறுப்பான்? அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள் தில்லி உயர்நயன்மன்றம் அதனை எட்டாம் அட்டவணை மொழிகள் 22-இலும் பெயர்த்து வெளியிட ஆணையிட்டது. நடுவணரசோ பெயர்ப்பதை விடுத்து, அவ்வாணையை எதிர்த்து உச்சநயன்மன்றம் ஏறிற்று! மக்களுக்குப் புரியாத மொழியில் கருத்துக் கேட்பது, வாயைக் கட்டிவிட்டுப் பாடச் சொல்வதன்றி வேறென்ன? அறிவியல் தமிழில் இல்லாத நாட்டில் ஆற்றுக்காக வாதிடும் நாவும் தமிழருக்கு இராது.

"அறிவியற் சொல் உலகப் பொது, மாற்றினால் மேற்படிப்புக் கெடும்" என்பர் சிலர். செருமானியன் கெட்டானா? 'சிபாவ்' என்று தன் சொல்லாலேயே கண்ணறையைக் குறிக்கும் சீனன் கெட்டானா? பொருள் விளங்கியவனுக்கு அயற்சொல்லைக் கற்பது ஒருநாள் வேலை. பொருளே விளங்காதவனுக்கு எம்மொழிச் சொல்லும் வெற்றொலியே.

நம்மவர் குற்றத்தையும் மறைப்பதற்கில்லை. தொல்காப்பியத்திலேயே கண்ணறை உண்டென்று மேடையில் முழங்குவார் உளர். அது பொய், பொய்யால் மொழி வளராது. மரபியல் காட்டுவது புலனறிவின்படி உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த பாகுபாடு. அதிலே சிதலுக்கும், அஃதாவது கறையானுக்கும், எறும்போடு மூவறிவு வரிசையில் இடமுண்டு. உயிர்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் கண் நம் முன்னோர்க்கு இருந்தது என்பதே நாம் கொள்ளத்தக்க பெருமை. அக் கண்ணுக்கு நுண்ணோக்கியைத் தருவது நம் கடன். இன்னொரு குற்றம்: கண்ணறையா, கலமா, உயிரணுவா என நமக்குள் பூசலிட்டுக் கொண்டிருக்கையில் 'செல்' நுழைந்து அமர்ந்துவிட்டது. எனக்குக் கண்ணறையே உகந்தது. அறிஞர் அவை கூடிக் கலம் என்று முடித்தால் யானும் கலம் என்றே எழுதுவேன். ஒன்றில் நில்லுங்கள்!

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளையின் அறிவியல் நூலை இன்றிரவே கையில் எடுங்கள். செல் என்றிருக்குமிடத்தில் கண்ணறை என்றும், திசு என்றிருக்குமிடத்தில் இழையம் என்றும் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். விடுமுறையில் எண்ணூருக்கு அழைத்துச் சென்று கண்டல் இலையைக் காட்டுங்கள். பாடநூற் குழுவினர்க்கு மடல் எழுதுங்கள். ஒரு மடலுக்கு அசையாதார் ஓராயிரம் மடலுக்கு அசைவர்.

கறையான் புற்றைச் சுவரில் கண்டவுடன் இடிப்போம். நூலில் புகுந்ததை மட்டும் விட்டுவைப்பதோ?