இடித்துரைத்த ஒரு குரல்

இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுக்கும் பகைவர் இன்றியும் தானே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. முடியாட்சி மறைந்து குடியாட்சி மலர்ந்தபின், இடித்துரைக்கும் அக்கடமை எதிர்க்கட்சியினரைச் சார்ந்தது. அதனை ஏற்றோர் தரவேண்டிய விலை எத்தகையது என்பதற்குச் சிங்கப்பூரின் ஜெ.பி. ஜெயரத்தினம் அவர்களின் வாழ்வு தக்க சான்றாகும்.

1926ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்து, மலாயாவின் ஜோகூரில் வளர்ந்து, லண்டனில் சட்டம் பயின்ற இவர், சிங்கப்பூரில் மாவட்ட நீதிபதியாக விளங்கினார். 1963இல் அரசுப் பணியைத் துறந்து வழக்கறிஞரானார். 1971இல், நலிவுற்றிருந்த பாட்டாளிக் கட்சியின் தலைமையை ஏற்றார். 1972 தொடங்கித் தோல்வி மேல் தோல்வி கண்டார். 1981 அக்டோபர் 31 அன்று நடைபெற்ற ஆன்சன் இடைத்தேர்தலில் 653 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். ஆளும் மக்கள் செயல் கட்சியினர் மட்டுமே நிறைந்திருந்த 75 பேர் மன்றத்தில் அவர் ஒருவரே எதிர்க்குரல்.

இயற்கை வளமற்ற சிறு தீவு, பூசல்களில் காலம் கழித்தால் பிழைக்குமா என்று வினவுவோர் உளர். வீட்டு வசதியிலும் துறைமுகத்திலும் அத்தீவு எய்திய வளர்ச்சியை எவரும் மறுக்கவியலாது. ஆயினும், தன் செயலில் நம்பிக்கையுள்ள அரசு, எழுபத்தைவருள் ஒருவரின் வினாவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. விடையளிப்பதால் நல்லாட்சி மேலும் வலுப்பெறுமேயன்றிக் குன்றாது.

1984இல் மீண்டும் வென்ற அவர், 1986இல் கட்சிக் கணக்கு வழக்கில் ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி தண்டமும் பெற்று, மன்ற உறுப்பினர் பதவியை இழந்தார். பின்னர் வழக்கறிஞர் உரிமையும் பறிக்கப்பட்டது. 1988இல் லண்டன் பிரிவி கவுன்சில், அவருக்குக் கொடிய அநீதி இழைக்கப்பட்டதெனக் கூறி வழக்கறிஞர் உரிமையை மீட்டளித்தது. எனினும் தண்டனை நீங்கவில்லை. மன்னிப்பு வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை.

1997இல் தொகுதியில்லா உறுப்பினராக மன்றம் புகுந்தார். அவரை வீழ்த்திய அடுத்த வழக்கு, தமிழ் பயில்வோர் சிந்திக்கத்தக்கது. தமிழ்மொழி வார ஏற்பாட்டாளர்களைக் குறைகூறி 1995இல் கட்சி இதழில் வெளிவந்த தமிழ்க் கட்டுரையே அவதூறு வழக்கிற்கு வித்தாயிற்று. இழப்பீட்டுத் தவணை தவறவே, 2001இல் நொடித்தவரென அறிவிக்கப்பட்டு மன்ற இடத்தை இழந்தார்.

அவரிடம் குறையே இல்லை என்பது நம் வாதமன்று. சொல்லை அளந்து பேசியிருப்பின் சில வழக்குகளைத் தவிர்த்திருக்கலாம். தாம் வளர்த்த கட்சியினின்றும் கசப்புடனேயே விலகினார். ஆயின் சொற்குற்றத்திற்கு ஒருவரின் பொதுவாழ்வையே விலையாகக் கேட்பது முறையாகுமா?

தெருவோரம் நின்று தம் நூல்களைத் தாமே விற்ற அம்முதியவர், 2007இல் ஏறத்தாழ 2,33,000 வெள்ளி செலுத்தி விடுபட்டார். 2008இல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கி, அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று 82ஆம் அகவையில் மறைந்தார். 2020 தேர்தலில் பாட்டாளிக் கட்சி 10 இடங்களை வென்றது. ஆன்சனில் அன்று ஒலித்த ஒற்றைக் குரல் வீண்போகவில்லை. வென்றோரை மட்டுமே போற்றும் உலகில், தோற்றும் தளராது வினவியோரையும் மாணவர் உலகம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.