பேரிடரை மறைக்க ஆய்வுக்கு வாய்ப்பூட்டு

இமயமலை நகரமான ஜோஷிமத்தில் 800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் கண்டன. மக்கள் கடுங்குளிரில் வீடுகளை விட்டு வெளியேறினர். 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையான 12 நாட்களில் அந்நகரின் நிலம் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததை இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் வெளியிட்டது. அப்போது ஒன்றிய அரசு செய்தது என்ன? ஜனவரி 13 அன்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், இஸ்ரோ, ரூர்க்கி ஐஐடி, வாடியா ஆய்வு நிறுவனம் உள்ளிட்டவற்றுக்கு வாய்ப்பூட்டுப் போட்டது. ஊடகங்களிடம் பேசக்கூடாது, தரவுகளைப் பகிரக்கூடாது! மறுநாளே இஸ்ரோவின் அறிக்கை இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. இந்த ஆணையத்தின் தலைவர் வேறு யாருமல்ல, பிரதமர் மோடிதான்.

தரவுகள் மக்களிடையே குழப்பம் விளைவிக்கின்றனவாம்! குழப்பத்திற்கு இங்கே இடமே இல்லை. பழைய நிலச்சரிவுக் குவியலின் மீது அமைந்த நகரம் இது, கனரகக் கட்டுமானங்கள் கூடாது என்று 1976இலேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. 2009 டிசம்பரில் தபோவன்-விஷ்ணுகாட் நீர்மின் திட்டச் சுரங்கத்தைக் குடைந்த இயந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கத்தைத் துளைத்தது. நாள்தோறும் 6 முதல் 7 கோடி லிட்டர் நீர் வெளியேறியது. இது ஜோஷிமத்துக்கு ஆபத்து என்று கர்வால் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் மாநிலப் பேரிடர் மைய ஆய்வாளர் ஒருவரும் 2010இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினர். ஆக, அறிவியல் தன் கடமையைச் செய்தது. திட்டங்களின் லாபக் கணக்கே அதைக் கேட்க மறுத்தது.

நிலத்தாழ்வை ஆராய்ந்த எட்டு நிறுவனங்களின் அறிக்கைகளும் மாதக்கணக்கில் பூட்டி வைக்கப்பட்டன. 2023 செப்டம்பரில் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் இந்த மறைப்பைக் கண்டித்த பின்னரே அவை வெளிவந்தன. வீட்டுச் சுவர் பிளந்தவனுக்கு, தன் காலடி மண்ணைப் பற்றிய உண்மையை அறிய நீதிமன்றம் தேவைப்பட்டது!

2024இல் வயநாடு நிலச்சரிவுக்குப் பின், ஆய்வாளர்கள் கருத்துக் கூறுவதைத் தடுத்து கேரள அதிகாரி ஒருவர் பிறப்பித்த உத்தரவும் தவறானதே. ஆனால், அதைத் திரும்பப் பெறுமாறு இடது ஜனநாயக முன்னணி அரசின் முதலமைச்சர் அன்றைக்கே பணித்தார். தவறைத் திருத்தும் அந்த நேர்மை மோடி அரசிடம் இல்லை.

பேரிடர் ஆய்வு மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. அதன் முடிவுகளுக்கு முதல் உரிமையாளர்கள், ஆபத்தின் விளிம்பில் வாழும் உழைக்கும் மக்களே. ஆய்வறிக்கைகள் உடனுக்குடன் மக்கள் மொழிகளில் வெளியிடப்பட வேண்டும். பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கருத்துரிமை காக்கப்பட வேண்டும். மலை சரிவதை உத்தரவு போட்டுத் தடுக்க முடியாது. எச்சரிக்கையைத் தடுத்தால் உயிர்கள்தான் பலியாகும்.