ஏற்றினால் போதுமா?

பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்த நாம் இன்று கைப்பேசியைப் பார்த்து நாள் குறிக்கின்றோம். ஆனால் ஒரே நாட்காட்டி கணினியில் ஒரு நேரத்தையும் கைப்பேசியில் வேறொரு நேரத்தையும் காட்டுமாயின் எதை நம்புவது?

இத்தாமதத்தின் காரணம் எளிது. 2007-இல் வகுக்கப்பட்ட ‘கால்டேவ்’ நெறிமுறையின்படி, மாற்றம் நேர்ந்ததா என்று நம் கருவியே அவ்வப்போது சென்று கேட்டறிய வேண்டும். ஐபோனில் இந்த இடைவெளியைக் கால் மணியாகவோ ஒரு மணியாகவோ அமைக்கலாம். இணைய முகவரி கொடுத்துச் சேர்த்துக்கொண்ட பிறர் நாட்காட்டியில் நேரும் மாற்றம் நம்மிடம் தெரிய 12 மணி நேரம்கூட ஆகலாம் என்று கூகுள் நிறுவனமே கூறுகிறது.

சென்ற பருவத்தில், காலை பத்து மணிக்கிருந்த தேர்வொன்றை ஒன்பது மணிக்கு மாற்றினர். முந்திய இரவில், அத்தகைய நாட்காட்டியில் மட்டும் மாற்றினர்! பழைய நேரத்தையே கண்ட என் வகுப்புத் தோழர் சிலர் தேர்வை இழந்தனர். “நாட்காட்டியில் ஏற்றினோமே!” என்பதே அவர்கள் பெற்ற மறுமொழி.

ஏற்றுதல் வேறு, அறிவித்தல் வேறு. செய்தி உரியவரைச் சென்றடைந்ததா என்று பார்ப்பது நேரத்தை மாற்றியவர் கடமை என்பதே என் துணிபு. மாற்றுவதாயின் ஒரு நாள் முன்னரே மாற்றுக, வகுப்பில் சொல்லுக, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுக. நம் சங்கம் தன் கூட்டங்களுக்கு இம்முறையை முதலில் மேற்கொள்ளட்டும். பின்னர்த் துறைகளிடமும் கேட்கட்டும்.

கருவி பிந்தலாம், கடமை பிந்தலாகாது.